இங்கிலீஷ் பீரியடில் மனித உரிமை

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு வந்து சேரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஆங்கில எழுத்து தெரியும், வார்த்தைகள் கொஞ்சம் தெரியும், ஆனால் ஒரு வாக்கியத்தை முழுசாகப் படித்து அதில் என்ன இருக்கிறது என்று சொல்லச் சொன்னால் தலை குனிந்துவிடும். எழுதச் சொன்னால் அதைவிட மோசம். எழுதத் தெரியாது என்றுகூடச் சொல்ல முடியாது, ஏனென்றால் பரீட்சையில் எழுதுவார்கள். கொசுத் தொல்லை பற்றி நகராட்சி ஆணையருக்கு ஒரு கடிதம், நூலகத்துக்குப் புத்தகம் கேட்டு ஒரு கடிதம் என்று நோட்ஸில் உள்ளதை அப்படியே மனப்பாடம் செய்து இறக்கி வைப்பார்கள். எங்கள் ஊர் ஊராட்சி. ஆணையர் என்று ஒருவர் இங்கே கிடையவே கிடையாது. அதைப் பற்றி எந்தப் பிள்ளையும் ஒருநாளும் கேட்டதில்லை, ஏனென்றால் அந்தக் கடிதம் யாருக்கும் போகாது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இந்த இடத்தில்தான் ஐ.நா.வின் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தை எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளைகளை உத்தமர்களாக்கும் உத்தேசம் ஒன்றும் இல்லை. ஒரு மொழி ஆசிரியையாகப் பார்த்தபோது என் கண்ணில் பட்டது அதன் வாக்கிய அமைப்பு. மொத்தம் 30 பிரிவுகள். பெரும்பாலானவை 'எவ்ரிஒன்' என்றோ 'நோ ஒன்' என்றோதான் ஆரம்பிக்கின்றன. 'எவ்ரிஒன் ஹேஸ் த ரைட் டு' என்ற ஐந்து வார்த்தையைப் பிடித்துக்கொண்டால் எத்தனையோ வாக்கியங்களுக்குள் நுழைந்துவிடலாம். 'நோ ஒன் ஷல் பி' என்று இன்னொரு பிடி. செயப்பாட்டு வினையை வருடா வருடம் கரும்பலகையில் போட்டு உயிரை விடுகிறோமே, அது இங்கே தானாகவே உட்கார்ந்திருக்கிறது. வாக்கியமும் சின்னது; மூன்றாம் பிரிவு, நான்காம் பிரிவு, ஒன்பதாம் பிரிவு எல்லாம் ஒரே ஒரு வரி. சின்ன வரி என்பதற்காக ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் பூனை, எலி கதையை நீட்ட முடியாது, அவர்களுக்கு அவமானமாக இருக்கும். வரி சின்னதாகவும் விஷயம் பெரியதாகவும் இருக்கிற ஒன்று கிடைப்பது அபூர்வம்.

எனக்கு இது அப்படியொன்றும் புதுசாகத் தோன்றவில்லை. என் பெரியம்மா புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், 1991ல் அங்கே தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் கையெழுத்துப் போடக் கற்றவர், கூடவே சைக்கிளும். அந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தையும் சைக்கிளையும் சேர்த்தே கற்றார்கள். பெரியம்மாவிடம் எப்படிப் படித்தீர்கள் என்று கேட்டால் அ, ஆ பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார், கூலிச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத்தான் படித்தேன் என்பார்.

சரி, வகுப்புக்கு வருகிறேன். முதலில் தமிழில் கொடுத்தேன். இங்கிலீஷ் பீரியடில் தமிழா என்று கேட்பவர்கள் உண்டு, கேட்டார்கள். ஆனால் விஷயம் என்ன என்று முன்பே தெரிந்தால், ஆங்கில வரியைப் பார்க்கும் பிள்ளை அதில் தெரிந்ததைத் தேடுகிறது. தெரியாவிட்டால் எழுத்துக்கூட்டிக் களைத்துப்போகிறது. இந்தப் பிரகடனம் 500க்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது, தமிழிலும் ஐ.நா. தளத்திலேயே கிடைக்கிறது. ஆனால் அந்தத் தமிழ் கொஞ்சம் விறைப்பு. 'மனிதப் பிறவியினர் சகலரும் சுதந்திரமாகவே பிறக்கின்றனர்' என்று முதல் பிரிவை ஒரு பையன் சத்தமாகப் படித்ததும் வகுப்பே சிரித்தது, பழைய கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற மாதிரி இருக்கிறதாம். அப்போ நீங்களே உங்கள் தமிழில் எழுதுங்கள் என்றேன். குழுவுக்கு மூன்று பிரிவு. 'பொறக்கும்போது எல்லாரும் சமம்தான், யாரும் யாரையும் அடக்க முடியாது' என்கிற ரீதியில் எழுதினார்கள். பிறகு ஆங்கில வரிகளைத் தனித்தனிச் சீட்டாக வெட்டிக் கலைத்துப் போட்டு, உங்கள் தமிழ் வரிக்கு எது ஜோடி என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். எல்லா வார்த்தையும் தெரிய வேண்டியதில்லை. 'மேரி' என்று ஒரு வார்த்தை கண்ணில் பட்டால் போதும், அது கல்யாணம் பற்றிய 16ஆம் பிரிவு. 'எஜுகேஷன்' தெரிந்தால் 26. இப்படித் துப்பு வைத்துப் படிக்கிற பழக்கம் வந்த பிறகுதான் அகராதியையே அவர்கள் கையில் கொடுத்தேன்.

இதில் நன்றாகப் பிடித்துக்கொண்ட ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். பிரகடனம் 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் ஐ.நா. பொதுச்சபையில் ஓட்டெடுப்புக்கு வந்தபோது ஆதரவு 48, எதிர்ப்பு ஒன்றும் இல்லை, ஓட்டுப் போடாமல் ஒதுங்கியவை 8. இந்தியா ஆதரித்தது. ஒதுங்கியவற்றில் கிழக்கு ஐரோப்பாவின் கம்யூனிஸ்ட் நாடுகள் ஆறு, அப்புறம் சவூதி அரேபியா, தென்னாப்பிரிக்கா. இதைப் பலகையில் எழுதிவிட்டு, தென்னாப்பிரிக்கா எந்தப் பிரிவைப் பார்த்துப் பயந்திருக்கும், ஆங்கிலப் பிரதியிலிருந்தே எடுத்துக் காட்டுங்கள் என்றேன். துணைக்கு ஒரே ஒரு தகவல்தான்: அதே 1948ல்தான் அங்கே நிறவெறிக் கொள்கையைச் சொல்லி ஓட்டுக் கேட்ட கட்சி ஆட்சிக்கு வந்தது. காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட கதை எல்லோருக்கும் தெரியும். தில்லையாடி வள்ளியம்மையும் தெரியும், அங்கே காந்தி நடத்திய 1913 போராட்டத்தில் சிறைக்குப் போய் 1914ல் 16 வயதில் இறந்துபோன பெண். வயதைச் சொன்னதும் பெண்கள் பக்கம் கொஞ்சம் சலசலப்பு, அவர்களைவிட இரண்டு வயதுதான் பெரியவள்.

பிறகு பாருங்கள், யாரும் சொல்லாமலேயே வரி வரியாகத் தேடினார்கள். நிறம், இனம் என்று வருகிற இரண்டாம் பிரிவை உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். நாட்டுக்குள் எங்கு வேண்டுமானாலும் போய் வாழலாம் என்கிற 13ஐ ஒரு குழு எடுத்தது. பின்பெஞ்சுக் குழு 16ஐக் காட்டி, 'வெள்ளைக்காரரும் கறுப்பரும் கட்டிக்கிட்டா அவங்களுக்குப் பிடிக்காதுல்ல டீச்சர்' என்றது. இங்கே ஒரு உபகதையும் சொல்லலாம், 1913ல் அங்கே ஒரு நீதிமன்றம் கிறிஸ்தவ முறையில் நடக்காத திருமணங்கள் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னதும்தான் இந்தியப் பெண்கள் பெருவாரியாகப் போராட்டத்துக்கு வந்தார்கள். ஆக 16ஆம் பிரிவு அவ்வளவு சாதுவான பிரிவு இல்லை. வாசிப்புப் பயிற்சிக்கு என்று கீழே ஐந்து கேள்வி கொடுத்தால் பதில் இருக்கும் வரியை விரலால் தேடி அப்படியே நகலெடுப்பார்கள். 'ஏன் பயந்தார்கள்' என்ற கேள்விக்கு நகலெடுக்க வரியே இல்லை, அதனால் படித்துத்தான் ஆக வேண்டும்.

எழுதுவதற்கு எனக்கு மிகவும் கைகொடுத்தது 24ஆம் பிரிவு. ஓய்வும் பொழுதுபோக்கும் எல்லோருக்கும் உரிமை, வேலை நேரத்துக்கு ஒரு வரம்பு வேண்டும், சம்பளத்தோடு விடுமுறை வேண்டும் என்கிறது. அதைப் படித்துவிட்டு, வீட்டில் யாராவது ஒருவருடைய ஒரு நாளைக் கடிகாரம் மாதிரி வட்டம் போட்டு எழுதி வரச் சொன்னேன். அநேகமாக எல்லோரும் அம்மாவைத்தான் எழுதினார்கள். 'மை மதர் வேக்ஸ் அப் அட் ஃபோர்', 'ஷி ஃபெட்சஸ் வாட்டர்', 'ஷி கோஸ் டு நூறு நாள் வேலை' என்று வரிசையாக. தன்னைப் பற்றி எழுதும்போது விழுங்கிவிடுகிற அந்த 'எஸ்' விகுதி இங்கே வரிக்கு வரி வந்தாக வேண்டியிருந்தது. வட்டத்தில் ஓய்வு என்று ஒரு துண்டு ஒதுக்கப் பார்த்த பெண் ஒருத்தி, இரவு சீரியல் பார்க்கும் அரை மணி நேரத்தை அதில் போட்டு, அதற்குள் அடைப்புக்குறி போட்டு 'கட்டிங் பீன்ஸ்' என்று எழுதியிருந்தாள்.

சித்தாள், கொத்தனார், லோடுமேன் பிள்ளைகள் நிறைந்த வகுப்பு. 'சம்பளத்தோடு லீவு' என்ற வரி வந்ததும் ஒரு பையன் எழுந்து, 'எங்கப்பாவுக்கு லீவு போட்டா சம்பளமே கிடையாது, அப்ப இது யாருக்கு டீச்சர்?' என்று கேட்டான். இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும், இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் பதிலோடு போக வேண்டும். பிரகடனம் என்பது சட்டம் இல்லை, நாடுகள் சேர்ந்து ஒத்துக்கொண்ட ஒரு அறிவிப்பு. அதை அடியொற்றி 1966ல் இரண்டு உடன்படிக்கைகள் வந்தன, இந்தியா 1979ல் அவற்றில் சேர்ந்தது. அதற்குப் பிறகும் நாட்டுக்குள் சட்டம் வேண்டும், சட்டம் இருந்தாலும் அதைக் கேட்டு வாங்க ஆள் வேண்டும். இவ்வளவையும் பூசி மெழுகாமல் சொன்னேன். அவன் திருப்தியாகவில்லை. அன்றைக்கு அவன் எழுதிய பத்திதான் வகுப்பிலேயே நீளமானது.

'ரைட்' என்பதை ஆர், ஐ, டி, இ என்று எழுதியிருந்தான். நான் அப்போது திருத்தவில்லை. முதல் பிரதியில் விஷயத்தை மட்டும்தான் பார்ப்பேன், எழுத்துப்பிழை இரண்டாம் பிரதிக்கு. இதைப் பிள்ளைகளிடமும் சொல்லிவிடுவேன், இல்லாவிட்டால் தெரிந்த வார்த்தைகளை மட்டும் வைத்துப் பாதுகாப்பாக மூன்று வரி எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார்கள். பிரகடனமே ஒரே மூச்சில் எழுதப்பட்டதில்லை. முதல் பிரிவின் வரைவில் 'ஆல் மென்' என்று இருந்ததை இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா வாதாடி 'ஆல் ஹ்யூமன் பீயிங்ஸ்' என்று மாற்ற வைத்தார். இரண்டாம் பிரதி எழுதச் சொன்னால் முகம் சுளிப்பவர்களுக்கு இதைச் சொல்லுவேன்.

'நோ ஒன் ஷல் பி' பாடம் என் பக்கமே திரும்பியது. வகுப்பு விதிகளை அந்த அமைப்பில் எழுதுங்கள் என்று விட்டிருந்தேன். 'யாரையும் வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கக் கூடாது', 'யாருடைய மார்க்கையும் சத்தமாகப் படிக்கக் கூடாது', 'மாதவிடாய் நேரத்தில் யாரையும் ஏன் லேட் என்று கேட்கக் கூடாது' என்றெல்லாம் ஆங்கிலத்தில் எழுதி வந்தார்கள். கடைசி வரியை எழுதிய பெண்கள் அதைத் தாங்களே படிக்காமல் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். எல்லாவற்றையும் சுவரில் ஒட்டினோம். மார்க் படிக்கும் பழக்கத்தை நான் விட வேண்டியதாயிற்று. அடிப்பதும் மனம் நோகச் செய்வதும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவிலேயே தடை செய்யப்பட்டவை, அதனால் அது பற்றி ஆசிரியர்கள் அறையில் வாக்குவாதத்துக்கு இடமில்லை; ஆனாலும் வந்தது. 'உரிமை உரிமைன்னு சொல்லிக் கொடுத்தா கடமையை யார் டீச்சர் சொல்லிக் கொடுப்பா?' என்றார் மூத்த சக ஆசிரியர் ஒருவர். 29ஆம் பிரிவே கடமை பற்றித்தான் சார் என்று எடுத்துக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, அதை ஏன் கடைசியில் வைத்திருக்கிறார்கள் என்றார். நல்ல கேள்விதான், அடுத்த நாள் வகுப்பில் அதையே விவாதத்துக்குப் போட்டேன்.

இனி முதலில் சொன்ன அந்தக் கடித விஷயம். எங்கள் பிள்ளைகளில் பலர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இலவசப் பாஸில் வருகிறவர்கள். நிறுத்தத்தில் சீருடையைப் பார்த்தால் நிறுத்தாமல் போகிற பஸ் ஒன்று இருந்தது. யார், எந்த டிப்போ என்பதெல்லாம் இங்கே வேண்டாம். இதைப் பற்றி பஸ் அலுவலகத்து அதிகாரிக்கு எழுதலாம் என்றதும் ஒரு பெண் கேட்டாள், 'அவரு தமிழ்லதானே டீச்சர் பேசுவாரு, நாம எதுக்கு இங்கிலீஷ்ல எழுதணும்?' அவள் கேட்டது முழுக்க நியாயம். ஆங்கிலம் கற்றுக்கொடுப்பதற்காக ஒரு தமிழ் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் மனு அனுப்புவது நாடகம். அதனால் மனு தமிழில் போகட்டும், ஆங்கிலத்தில் எழுதுவது கேள்விகளுக்கான பயிற்சி என்று முடிவு செய்தோம்.

தகவல் உரிமைச் சட்டம், 2005 இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. விண்ணப்பத்தை ஆங்கிலத்திலும் கொடுக்கலாம், மாநில மொழியிலும் கொடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கேள்வியை ஒழுங்காகக் கேட்டால்தான் பதில் வரும், மொழி வகுப்புக்கு வேண்டியதும் அதுதான். 'ஏன் பஸ் நிற்பதில்லை?' என்று கேட்டால் அது தகவலே இல்லை என்று திருப்பிவிடுவார்கள். 'இந்த வழித்தடத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட நிறுத்தங்களின் பட்டியல் நகல் தரவும்' என்று கேட்க வேண்டும். கோபத்தில் எழுதிய 'ஒய்' கேள்விகளை எல்லாம் 'ப்ளீஸ் ப்ரொவைட் எ காப்பி ஆஃப்' என்று ஆவணம் கேட்கும் வரிகளாக மாற்றுவதற்கே இரண்டு பீரியட் போனது. அந்த இரண்டு பீரியடில் கற்ற கேள்வி அமைப்பை வேறு எப்படிக் கற்றுக்கொடுத்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு அப்பா கையெழுத்துப் போட்டுத் தமிழ்ப் பிரதியை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்கி வந்தார். சீல் வாங்காத மனு மனுவே இல்லை என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே தெரிந்துகொண்டது லாபம்.

பதில் வந்தது, தமிழில், நிறுத்தப் பட்டியலோடு. எங்கள் நிறுத்தம் அதில் இருந்தது. அதை வைத்துப் பெற்றோர் போய்ப் பேசினார்கள். காலை பஸ் இப்போது பெரும்பாலும் நிறுத்தத்தில் நிற்கிறது, சாயங்கால பஸ் பழைய கதைதான். பிள்ளைகள் அந்தப் பதிலை ஆங்கிலத்தில் சுருக்கி எழுதினார்கள், அதற்கு மார்க்கும் போட்டேன்.

இனிச் சொல்லப் போவதை இந்த வேலையில் இறங்குகிறவர்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். உரிமை பற்றி எழுதச் சொன்னால் பிள்ளைகள் உண்மையை எழுதுவார்கள். நோட்டில் நாம் எதிர்பார்க்காதது வரும். அக்காவுக்கு 18 ஆகவில்லை, கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று வரும். அதைவிடக் கனமானதும் வரும். எனக்கு வந்தவற்றை, என்ன ஆயிற்று என்பதையும்கூட, இங்கே எழுத மாட்டேன். பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால் புகார் செய்வது போக்சோ சட்டப்படி நம் கடமை, ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமை ஆசிரியருக்கு இல்லை. ஆகவே முதல் வகுப்பிலேயே நேராகச் சொல்லிவிடுவது நல்லது: நீ எழுதுவதை மற்றப் பிள்ளைகளுக்குக் காட்ட மாட்டேன், ஆனால் உனக்கோ வேறு குழந்தைக்கோ ஆபத்து என்று தெரிந்தால் உதவக்கூடியவர்களிடம் சொல்லித்தான் ஆவேன். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐப் பலகையின் ஓரத்தில் வருஷம் முழுக்க அழிக்காமல் வைத்திருக்கிறேன். சொந்த அனுபவத்தை எழுது என்று யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, 'நான்' என்று எழுத வேண்டாம், 'அவள்' என்று எழுது, கற்பனைப் பெயர் போடு என்பேன். சத்தமாகப் படிப்பது விரும்புகிறவர்களுக்கு மட்டும். நோட்டுகள் பீரோவில், சாவி என்னிடம்.

சாதி விஷயத்தில் இன்னும் கவனம். அரசியல் சாசனத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமை ஒழிக்கப்பட்டுவிட்டது என்று நேரடியான ஆங்கிலத்தில் சொல்கிறது, வாசிப்புக்கு அருமையான பகுதி. ஆனால் கையில் வண்ணக் கயிறு கட்டி எந்தச் சாதி என்று காட்டிக்கொள்ளும் பிள்ளைகளும், அதனால் அடிபடும் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் இருக்கிற வகுப்புகள் நம்மிடம் உண்டு. நாங்குநேரியில் 2023ல் சாதி வெறியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வெட்டியதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024ல் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிற்று விவகாரமும் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் 'உன் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்' என்று ஒரு குழந்தையை எழுப்பி நிறுத்துவது கொடுமை. நான் சட்டத்தின் வரியைப் படிக்க வைப்பேன், வரிக்குள் இருக்கும் வினைச்சொற்களைப் பார்க்க வைப்பேன், எந்தெந்த வடிவத்தில் என்றாலும் தடை என்று சொல்கிறதே, என்னென்ன வடிவங்கள் இருக்கலாம் என்று பெயர் போடாத சீட்டில் எழுதி வாங்குவேன். அந்தச் சீட்டுகளை நான் மட்டும்தான் படிப்பேன்.

மார்க் கூடியதா என்று கேட்பார்கள். பாடப்புத்தகத்தில் வரும் பத்திகளை முன்பைவிடப் பயமில்லாமல் தொடுகிறார்கள், கடிதக் கேள்வியைச் சிலர் சொந்தமாக எழுதுகிறார்கள். சொந்தமாக எழுதுவதால் பிழையும் கூடுகிறது, மனப்பாடம் செய்த பிள்ளைக்கு எட்டு என்றால் இவளுக்கு ஆறு. பெற்றோர் வந்து கேட்டால் இதை விளக்க வேண்டியிருக்கிறது. எல்லோருக்கும் இது பிடித்ததும் இல்லை. நன்றாகப் படிக்கிற நாலைந்து பேருக்கு இது வேண்டாத வேலை, 'போர்ஷன் எப்ப டீச்சர் முடிப்பீங்க' என்று அவர்கள்தான் முதலில் கேட்டார்கள்.

செய்து பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு. 30 பிரிவையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், 3, 4, 9, 24 போன்ற குட்டி வரிகளில் ஆரம்பியுங்கள். 25, 26, 29 எல்லாம் நீளம், உட்பிரிவு உட்பிரிவாகப் போகும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 1989ல் வந்தது, விளையாடும் உரிமை சொல்லும் அதன் 31ஆம் பிரிவு சின்ன வகுப்புகளுக்கு நன்றாகப் போகும். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பெண்கள் அதை வைத்துத்தான் தங்களுக்கும் கிரவுண்டில் இடம் வேண்டும் என்று ஆங்கிலத்தில் நாலு வரி எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்தார்கள், வாரத்தில் இரண்டு நாள் கிடைத்தது. தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி, பாடத்திட்டத்தில் கடிதம், பத்தி எழுதுதல், வாசிப்பு என்று எங்கே இது பொருந்துகிறது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டிவிடுங்கள், பிறகு யாராவது புகார் சொன்னால் அந்தத் தாள் பேசும். எல்லாவற்றையும் ஜூன், ஜூலையிலேயே ஆரம்பித்துவிட வேண்டும். காலாண்டுத் தேர்வு முடிந்துவிட்டால் ஸ்பெஷல் கிளாஸ், ஸ்லிப் டெஸ்ட் என்று ஆரம்பித்துவிடும், அப்புறம் கேட்டாலும் ஒரு பீரியட் கிடைக்காது.